அறுபத்திரண்டு சென்டிமீட்டர்

பிப்ரவரி 11, திங்கள்

தீவுக்கு வந்து பதினாறு நாள். இன்றைக்குத்தான் வேலை தொடங்கியது. ரோந்துப் படகுகள் வந்து நிற்க ஒரு புதிய படகுத்துறை, நீளம் எண்பது மீட்டர். முழுதாக என் பொறுப்பில் விடப்பட்ட முதல் கடல் வேலை இது. இதுவரை நான் கட்டியதெல்லாம் குடியிருப்பு, சமையல்கூடம், ஒரு டென்னிஸ் மைதானம்.

ஒன்பது வருடமாகக் கடற்படையில் இருக்கிறேன். கப்பலில் இருந்தது மொத்தம் பதினொரு நாள், அதில் நான்கு நாள் வாந்தி. சிவில் இன்ஜினியருக்கு அவ்வளவுதான் கடல். ரெக்சலின் என்ற என் பெயரை விட்டுவிட்டுக் கப்பல் அதிகாரிகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘சிமென்ட் மேடம்’. சிரிக்காவிட்டால் பெயர் நிலைத்துவிடும் என்று நானும் சிரித்து வைத்தேன். சிரித்தும் நிலைத்துவிட்டது.

பத்து வருட ஒப்பந்தம் வரும் ஜனவரியில் முடிகிறது. என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பதை ஜூலையில் ஒரு குழு முடிவு செய்யும். படகுத்துறை நன்றாக வந்தால் நான் இருப்பேன். நிலையத் தலைவர் கமாண்டர் பிஷ்ட் இதை வாய்விட்டே சொல்லிவிட்டார்.

ஒப்பந்தக்காரரின் சர்வேயர் தமிழர். கீழக்கரைக்காரர், பெயர் மீரான், ஐம்பது வயதிருக்கும். லெவல் கருவிக்குக் குடை பிடித்துவிட்டுத் தான் வெயிலில் நிற்கிற மனிதர். கரையில் ஒரு பெஞ்ச் மார்க் கல் இருக்கிறது. அதன் உயரத்தை வைத்துத்தான் துறையின் உயரம் முழுவதும் குறிக்க வேண்டும். காலையில் அந்த எண்ணை அவருக்குச் சொன்னேன். அவர் என்னவோ கேட்டார், நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன், பக்கத்தில் நின்ற ரோந்துப் படகு அதிகாரிகள் இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். முதல் தடவையாக அந்தச் சிரிப்பு என்னைப் பற்றியதாக இல்லை.

நல்ல நாள்.

பிப்ரவரி 17, ஞாயிறு

துணி துவைத்தேன். உப்புக் காற்றில் எதுவும் முழுதாகக் காய்வதில்லை. அம்மா குளச்சலிலிருந்து பேசினாள்.

“மக்ளே, கப்பலு ரொம்ப ஆடுதா?”

“கப்பல் இல்லம்மா. தீவு.”

“ரெண்டும் தண்ணிக்குள்ளதான கெடக்கு? நான் கோயில்ல எல்லாருகிட்டயும் கப்பலுன்னுதான் சொல்லியிருக்கேன். நீ மாத்திச் சொல்லி என் மானத்த வாங்கிராத, கேட்டியா?”

சரி என்றேன். எனக்கும் அப்படிச் சொல்லத்தான் ஆசை என்று அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 9, சனி

சிமென்ட் கொண்டுவர வேண்டிய படகு வரவில்லை. வேலை இல்லை.

மார்ச் 19, செவ்வாய்

தூண்கள் எல்லாம் இறக்கியாகிவிட்டது. மீரான் பாய் வீட்டிலிருந்து துதல் அல்வா வந்திருந்தது. டிபன் டப்பா மூடியில் எனக்கு ஒரு துண்டு வைத்துக் கொடுத்தார். இரண்டாவது துண்டை நானே கேட்டு வாங்கினேன்.

அவருடைய லெவல் புத்தகத்தைப் புரட்டினேன். நீல அட்டை. எண்களுக்குப் பக்கத்தில் குறிப்புக் கட்டத்தில் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார்: மேகம், காற்று, யார் ஸ்டாஃப் என்கிற அளவுகோலைப் பிடித்தது, யார் என்ன சொன்னது. “எதுக்கு பாய் இவ்வளவு?” என்றேன். “நாளைக்கு யாராவது கேட்டா புத்தகம் பேசும் மேடம். எனக்குப் பேச வராது” என்றார்.

ஏப்ரல் 5, வெள்ளி

அமாவாசை. துறையின் மேல்தளத்துக்குச் சென்ட்ரிங் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். மீரான் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மேடம், தண்ணி ரொம்பக் கிட்ட வருதே. பலகையத் தொட்டுட்டுத் தொட்டுட்டுப் போகுது. அமாவாசைதான், ஒத்துக்கிறேன். ஆனா காத்துகூட இல்லையே இன்னிக்கு.”

“டிசைன்ல எல்லாம் பார்த்துத்தான் போட்டிருப்பாங்க பாய்.”

“சரிங்க மேடம். எதுக்கும் அந்தக் கல்லு நம்பர ஒரு தடவ…”

“பார்க்கிறேன்.”

பார்த்தேன். அலுவலகத்தில் கடல் வரைபடத்தை விரித்து, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பை வாசித்தேன். தலைவலி. தேநீருக்குப் போகவில்லை.

ஏப்ரல் 6, சனி

மீரான் பாயிடம் நீல அட்டைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். சரிபார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். அவருக்குப் புதுப் புத்தகம் ஒன்று கொடுத்தேன். பழையதை என் பெட்டியில், வெள்ளைச் சீருடைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் ஈரம் அதிகம், காகிதம் கெட்டுவிடும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

பூசைக்குக் கோயில் இல்லாத ஞாயிறு. எந்த டிசைனிலும் கொஞ்சம் கூடுதலாக விட்டுத்தான் வைப்பார்கள். இன்ஜினியரிங் என்பதே அதுதான்.

ஏப்ரல் 12, வெள்ளி

மேல்தளம் கான்கிரீட் போட்டு முடித்தோம். காலை ஐந்தரைக்குத் தொடங்கி மாலை நான்குக்கு முடிந்தது. கலவை அருமை. வலிமைச் சோதனைக்கு க்யூப் எடுத்தாயிற்று. கமாண்டர் பிஷ்ட் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். மீரான் பாய் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 30, செவ்வாய்

என்னைப் பற்றிய வருடாந்திர அறிக்கை போய்விட்டது. ‘மிகச் சிறப்பு’ என்று எழுதியிருப்பதாகக் கமாண்டரின் எழுத்தர் காதில் போட்டார்.

மே 18, சனி

திறப்பு விழா. பௌர்ணமி, ஆனால் காற்றில்லை. தண்ணீர் ஒரு முழத்துக்குக் கீழே நின்றது. “இவ்வளவு பக்கத்தில் கடல்! நீச்சல்குளம் மாதிரி இருக்கிறது” என்றார் கமாண்டர். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு ஒன்று அனுப்பினேன், பின்னால் ரோந்துப் படகு தெரிகிற மாதிரி.

ஜூன் 3, திங்கள்

அமாவாசையும் தென்மேற்குக் காற்றும் சேர்ந்து வந்தன. காலை பதினோரு மணிக்குத் துறையின் மேல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. மின்பெட்டிகள் எல்லாம் போயின. கட்டியிருந்த படகு துறைக்கு மேலே எழும்பி, ரப்பர் தடுப்பைத் தாண்டிக் கான்கிரீட் விளிம்பில் இடித்து, பக்கவாட்டுத் தகடு கிழிந்தது. யாருக்கும் அடி இல்லை. யாருக்கும் அடி இல்லை என்பதை மூன்று பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

கமாண்டர் கரைக்குச் செய்தி அனுப்பினார்.

ஜூன் 8, சனி

கரையிலிருந்து ஒரு குழு வந்து அளந்தது. துறை இருக்க வேண்டிய உயரத்தைவிட அறுபத்திரண்டு சென்டிமீட்டர் கீழே இருக்கிறது.

காரணம் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை. உலகத்தில் இரண்டு ஜீரோ இருக்கின்றன. கட்டடக்காரர்களின் ஜீரோ, கடலின் சராசரி மட்டம். கப்பல்காரர்களின் ஜீரோ, கடல் ஆகக் கீழே வற்றுகிற மட்டம். கப்பல் தரைதட்டக்கூடாது அல்லவா, அதனால் அவர்கள் ஆழத்தை அங்கிருந்துதான் எண்ணுவார்கள். இந்தத் தீவில் இரண்டுக்கும் நடுவே அறுபத்திரண்டு சென்டிமீட்டர். கல்லில் பெயின்டில் எழுதியிருக்கும் 3.12 கப்பல்காரர்களின் கணக்கு. துறையின் டிசைன் கட்டடக்காரர்களின் கணக்கு. கல்லுக்கு 2.50 என்று எடுத்திருக்க வேண்டும். 3.12 என்று எடுத்திருக்கிறார்கள்.

‘எடுத்திருக்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறேன். இருக்கட்டும்.

ஜூன் 10, திங்கள்

விசாரணை. கமாண்டர், வெளியிலிருந்து வந்த இரண்டு அதிகாரிகள், நான், ஒப்பந்தக்காரரின் மேலாளர். மீரான் பாயை உட்காரச் சொன்னார்கள். அவர் நின்றுகொண்டே பேசினார். அவருடைய தமிழை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

“கல்லோட மதிப்பை யார் கொடுத்தது?”

“மேடந்தான் சொன்னாங்க. வாயால சொன்னாங்க.”

அதை நான்தான் மொழிபெயர்த்தேன். “லெப்டினன்ட் கமாண்டர் ரெக்சலின் சொன்னதாக இவர் சொல்கிறார்” என்று மொழிபெயர்த்தேன்.

“எழுத்தில் இருக்கிறதா?”

“லெவல் புத்தகத்துல அன்னிக்கே எழுதியிருக்கேன் சார். நீல அட்டை. மேடத்துகிட்ட குடுத்திருக்கேன்.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நிறையப் புத்தகங்கள் வந்து போயின, அலமாரியில் தேடிப் பார்க்கிறேன் என்றேன். மீரான் பாய்க்கு அவ்வளவு ஆங்கிலம் புரியும். அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

ஜூன் 11, செவ்வாய்

அலமாரியில் தேடினேன். இல்லை. அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். பெட்டியில் தேடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

முடிவு: தனியார் சர்வேயரின் கவனக்குறைவு. மேற்பார்வையில் சிறு குறை, எனக்கு வாய்மொழி எச்சரிக்கை. மீரான் பாய் இனிக் கடற்படை வேலை எதிலும் இருக்கக்கூடாது. ஒப்பந்தக்காரர் அவரை இன்றைக்கே நிறுத்திவிட்டார்.

மத்தியானம் சாம்பார் கெட்டுப்போயிருந்தது. சமையல்காரரைத் திட்டினேன். தேவைக்கு மேல் திட்டிவிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

கரைக்குப் போகும் படகில் மீரான் பாய் கிளம்பினார். போகவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே போய் நின்றேன். ஒரு தோல்பை, ஒரு மடக்குக் குடை. லெவல் கருவி ஒப்பந்தக்காரருடையது போலிருக்கிறது, அது கையில் இல்லை.

“பாய்” என்றேன்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் மேடம். இருபத்தேழு வருஷமா லெவல் பாக்குறேன். என் தப்பும் இருக்கு. ஒரு தடவ கேட்டதோட விட்டுட்டேன். ரெண்டாந்தடவ கேட்டிருக்கணும். எல்லாரும் சிரிச்சாங்களா, வெக்கமாப் போச்சு, வாய மூடிக்கிட்டேன்.” படகில் கால் வைத்தபின் திரும்பினார். “நீங்களும் சிரிச்சீங்க.”

ஆமாம், நானும் சிரித்தேன்.

ஜூலை 8, திங்கள்

நிரந்தரப் பணிக்கான குழுவின் முன் உட்கார்ந்தேன். படகுத்துறை விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்கள். எந்த அளவையும் வாய்மொழியாக விடக்கூடாது, எழுத்தில் வேண்டும் என்றேன். மூன்று பேரும் தலையாட்டினார்கள். ஒருவர் குறித்துக்கொண்டார்.

ஜூலை 9, செவ்வாய்

பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்தேன். காகிதம் கெடவில்லை.

‘11-2. நல்ல வெயில். கல் மதிப்பு 3.12, மேடம் வாய்ச்சொல். இது கரைக்காரங்க ஜீரோவா, கப்பல்காரங்க ஜீரோவா என்று கேட்டதற்கு, நேவியில் ஒரே ஜீரோதான் என்றார்கள். சிரிப்பு.’

எழுதியே விடுகிறேன். எனக்கு இரண்டு ஜீரோவும் தெரியும். பயிற்சியில் முதல் வாரமே சொல்லித் தந்தார்கள். அன்று காலை அந்த ரோந்துப் படகு அதிகாரிகள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றார்கள். கரைக்காரங்க, கப்பல்காரங்க என்று மீரான் பாய் பிரித்துக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. நான் எந்தப் பக்கம் என்று அவர்கள் முன்னால் கேட்டது போலிருந்தது. கப்பல்காரி மாதிரி ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். எண்ணைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

அது முட்டாள்தனம். முட்டாள்தனத்தை மன்னிக்கலாம். ஏப்ரல் 5 அப்படியல்ல. வரைபடத்தின் பொடி எழுத்தை வாசித்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மேல்தளம் போட இன்னும் ஏழு நாள் இருந்தது. பலகையைப் பிரித்து மேலே ஏற்றி அடித்திருந்தால் ஒரு மாதம் தள்ளிப்போயிருக்கும், ஏப்ரல் அறிக்கையில் ‘தாமதம்’ என்று விழுந்திருக்கும், அவ்வளவுதான். நான் மறுநாள் போய்ப் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். அது மட்டும் எனக்கு உடனே தோன்றியது.

இதை நினைத்தால் கேவலமாக இருக்கிறது. முடிவு வரட்டும், அதற்குப் பிறகு சொல்லிவிடுகிறேன்.

ஜூலை 26, வெள்ளி

நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

அம்மா அழுதாள். “இனி உன்னக் கப்பல்ல இருந்து எறக்க ஏலாதுல்ல மக்ளே?” என்றாள். ஏலாது என்றேன்.

ஜூலை 29, திங்கள்

புத்தகத்தை எடுத்துக்கொண்டு கமாண்டர் பிஷ்ட்டிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஏப்ரல் ஐந்தையும் சொன்னேன். அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். தமிழ் அவருக்குத் தெரியாது, ஆனால் 3.12 தெரியும்.

“ரெக்ஸ், ஃபைலை மூடியாயிற்று. துறையை உயர்த்த அனுமதியும் வந்துவிட்டது. இனி இதனால் யாருக்கு என்ன ஆகப்போகிறது?”

“மீரானுக்கு சார்.”

“யார் அது?”

சொன்னேன். “ஓ, அந்த ஆளா” என்றார். புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார். இதை மறுபடி எழுப்பினால் விசாரணை செய்தவர்களும் மாட்டுவார்கள், நானும் மாட்டுவேன் என்று மெதுவாக, கோபமில்லாமல் எடுத்துச் சொன்னார். எழுத்தில் கொடு என்று அவர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவர் கேட்கவில்லை. நானாகக் கொடுத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் மீரான் பாய்க்குப் போன் செய்தேன். எடுக்கமாட்டார் என்று நினைத்தேன், இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். ஒரு ஐஸ் ஃபேக்டரியில் இருக்கிறாராம், பெட்டிகளை எண்ணி ஏற்றுகிற வேலை.

“சர்வே வேலை ஒண்ணும் கிடைக்கலயா பாய்?”

“கூப்பிட்டாங்க மேடம். ஊர்லயே ஒரு வீட்டு வேலைக்குக் கூப்பிட்டாங்க. போய் நின்னேன். லெவல்ல கண்ண வச்சா எண்ணு தெரியுது, எழுதக் கை வரல. பாத்தது சரிதானான்னு சந்தேகமாவே இருக்கு. திரும்பித் திரும்பிப் பாக்குறேன். வேலைக்காரங்க எத்தன நேரம் ஸ்டாஃபப் புடிச்சிக்கிட்டு நிப்பாங்க? வந்துட்டேன்.” பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டது. “மேடம், ஒண்ணு கேக்கவா? மறைக்காமச் சொல்லணும். நீங்க 3.12ன்னுதான் சொன்னீங்களா? இல்ல, நாந்தான் தப்பாக் காதுல வாங்கிட்டேனா? வீட்டுல அப்படித்தான் சொல்றாங்க. வயசாகிப் போச்சு, காது கேக்கலன்னு.”

“நான்தான் சொன்னேன் பாய். 3.12ன்னுதான் சொன்னேன். நீங்க ஜீரோ பத்திக் கேட்டீங்க. ஒண்ணுதான்னு சொன்னதும் நான்தான். உங்க காதுல ஒரு குறையும் இல்ல. புத்தகம் என்கிட்டதான் இருக்கு.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். அழுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை, மூச்சு விட்டார். “மேடம், இத எங்கிட்டச் சொல்லிட்டீங்க. நல்லது. நாலு பேர் முன்னாடி சொல்லுவீங்களா? அன்னிக்கு நாலு பேர் முன்னாடிதான சிரிச்சீங்க.”

சொல்கிறேன் என்றேன். புத்தகத்தைப் பதிவுத் தபாலில் அனுப்ப முகவரி வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

புத்தகத்தை அனுப்பிவிட்டேன். கூட ஒரு கடிதம் வைக்க உட்கார்ந்தேன். ‘அன்புள்ள’ என்று தொடங்குவதா, ‘மதிப்பிற்குரிய’ என்றா என்பதிலேயே ஒரு மணிநேரம் போயிற்று. கடிதம் வைக்கவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

பயிற்சிப் பள்ளிக்கு மாற்றி இரண்டு வாரமாகிறது. புதிதாகச் சேர்ந்த சிவில் இன்ஜினியர்கள் இருபத்திரண்டு பேர். இன்றைய பாடம் அளவுகள். எனக்குத் தந்த உதாரணம் தீவின் படகுத்துறைதான். வேறு யாருக்கும் அந்த இடம் அவ்வளவு தெரியாது என்பதால் எனக்கே கொடுத்துவிட்டார்கள். திரையில் விசாரணை முடிவு இருந்தது: தனியார் சர்வேயரின் கவனக்குறைவு. பள்ளியின் மூத்த அதிகாரி ஒருவர் என் வகுப்பை மதிப்பிடக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பலகையில் இரண்டு கோடு போட்டு இரண்டு ஜீரோவையும் விளக்கினேன். கரூர்ப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். கௌசல்யா என்று பெயர்.

“மேம், அந்த எண்ணை சர்வேயருக்கு யார் சொன்னாங்க? அவரா எடுத்துக்கிட்டாரா?”

நாலு பேர் என்றார் மீரான் பாய். இங்கே இருபத்திரண்டு பேர் இருந்தார்கள்.

“நான்தான்” என்றேன். அவள் தமிழில் கேட்டதால் தமிழில் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் புரிய ஆங்கிலத்தில் சொன்னேன். “அது சர்வேயரின் தவறில்லை. அவர் கேட்டார். தவறாகச் சொன்னது நான். அவர் பெயர் மீரான்.”

எனக்கு மார்பு லேசானது. அப்போது கடைசி வரிசையிலிருந்து மூத்த அதிகாரி எழுந்தார்.

“எல்லோரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தீர்கள். இருந்தும் கீழே வேலை செய்த ஒருவரின் பிழையை இவர் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். அதிகாரி என்றால் இப்படி இருக்க வேண்டும்.”

கைதட்டினார்கள். கௌசல்யாதான் முதலில் தட்டினாள், கண்கள் கலங்கியிருந்தன.

“இல்லை, நிஜமாகவே நான்தான்” என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மூன்றாவது தடவை நான் சொல்லவில்லை.